ஆஸ்துமா மருந்து ஆய்வு: ஸ்க்ரீனிங்கிலேயே ஆள் கழிந்துகொண்டே போகிறது, எங்கே சரிசெய்வது?

அம்பை_கோஆர்டினேட்டர்:

எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நெஞ்சக மருத்துவமனையில் ஆஸ்துமாவுக்கான மூன்றாம் கட்ட ஆய்வு நடக்கிறது. நாலு வாரத்துக்கு ஒரு ஊசி, மொத்தம் 52 வாரம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு பிளாசிபோ, அதாவது மருந்தில்லாத போலி ஊசி. இன்ஹேலரை எல்லாருமே வழக்கம்போல் தொடரணும்.

சேர்க்கை விதிகள் புதுசா ஒன்றும் இல்லை. நடுத்தர அல்லது உயர் டோஸ் ஸ்டீராய்டு இன்ஹேலரோடு ஃபார்மோடெரால் மாதிரி நீண்ட நேரம் வேலைசெய்யும் மருந்து ஒன்று. கடந்த 12 மாதத்தில் குறைந்தது 2 கடுமையான இளைப்பு. ரத்தத்தில் ஈசினோபில் (ஒருவகை வெள்ளணு) மைக்ரோலிட்டருக்கு 300 அல்லது அதற்கு மேல். ஏசிக்யூ-6 (ஆஸ்துமா கட்டுப்பாட்டுக் கேள்வித்தாள், கூடினால் மோசம்) மதிப்பெண் 1.5 அல்லது அதற்கு மேல். சால்பூட்டமால் பஃப்புக்குப் பிறகு எஃப்இவி1 (முதல் நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றளவு) 12 சதவீதமும் 200 மில்லியும் ஏறணும்.

கடையம், முக்கூடல், ஆலங்குளம் என்று சுத்துப்பட்டு ஊரிலிருந்து ஆள் வருகிறார்கள். சேர்க்கும் முன் தகுதி பார்க்கிற ஸ்க்ரீனிங்கில் மூன்று இடத்தில் கழிகிறார்கள். பார்த்தாலே ஆஸ்துமா என்று தெரிகிறவருக்கு ஈசினோபில் 90, 110 என்று வருகிறது; இன்னும் சிலருக்கு 3000 தாண்டுகிறது. ரிவர்சிபிலிட்டி, அதாவது பஃப்புக்குப் பிறகான அந்த ஏற்றம், 7, 8 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. "வருஷத்துக்கு நாலு தடவை ஆஸ்பத்திரியில கிடந்தேன்" என்பார்கள், காட்டக் காகிதம் இருக்காது.

விதியைத் தளர்த்த வழி கேட்கவில்லை. நம்ம பக்கத்து ஆட்களை வைத்து இதை ஒழுங்காகச் செய்வது எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று: 52 வாரம் எதுக்கு, ஆறு மாசத்தில் தெரியாதா என்று நோயாளிகள் கேட்கிறார்கள். சரியான பதில் என்ன?


பாளை_நெஞ்சகம்:

ஈசினோபில் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றதைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

90, 110 வருகிறவர்களில் பலருக்கு உண்மையான எண்ணிக்கை அது இல்லை. இளைப்பு கூடினால் மெடிக்கல் ஷாப்பில் இரண்டு டெக்சா (ஸ்டீராய்டு) மாத்திரை, இல்லாவிட்டால் ஊர் கிளினிக்கில் ஒரு ஊசி. ஸ்டீராய்டு உள்ளே போன சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் ஈசினோபில் சரிந்துவிடும். "ஸ்டீராய்டு எடுத்தீங்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், அவர்களுக்கு அது ஸ்டீராய்டு என்றே தெரியாது. "இளைப்பு வந்தா கடையில என்ன தருவாங்க, கடைசியா எப்ப வாங்குனீங்க, அந்த அட்டை வீட்ல கிடக்கா?" என்று கேளுங்கள். லேபிள் ஒட்டாத பொடி, உருண்டை ஏதாவது சாப்பிடுகிறார்களா என்றும் கேளுங்கள். ஆடாதோடை கஷாயத்தையோ தாளிசாதி சூரணத்தையோ மறைக்க வேண்டியதில்லை, கூடவே எடுக்கும் மருந்துகளின் பட்டியலில் எழுதினால் போதும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதும் வெளியே வரும். பெரும்பாலான புரோட்டோகாலில் (ஆய்வின் விதிமுறை ஏடு) வாய்வழி ஸ்டீராய்டு முடிந்து 4 வாரம் ஆகியிருக்க வேண்டும். டிரையாம்சினோலோன் மாதிரி, உடம்பில் தங்கி மெதுவாக வேலைசெய்யும் டெப்போ ஊசி என்றால் இடைவெளி இன்னும் நீளம். உங்கள் புரோட்டோகாலைப் பாருங்கள்.

ரத்தம் எடுக்கும் நேரமும் முக்கியம். ஈசினோபில் ராத்திரியில் ஏறி, முற்பகலில் இறங்கும். 300க்கு இப்பாலும் அப்பாலும் நிற்கிறவருக்கு இந்த வித்தியாசமே போதும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில், காலை 8 மணியை ஒட்டி எடுங்கள். உள்ளூர் லேபில் சதவீதம் மட்டும் எழுதித் தந்தால் அப்படியே நம்ப வேண்டாம். மொத்த வெள்ளணு 6000 இருந்தால் 5 சதவீதம் என்பது 300; 11000 இருந்தால் அதே 5 சதவீதம் 550.

இப்போது 3000 தாண்டுகிறவர்கள். எண் அழகாக இருக்கிறதே என்று இவர்களைச் சேர்க்க நினைப்பதுதான் பெரிய ஆபத்து. ராத்திரியில் மட்டும் இருமல், வீசிங், எடை குறைவு, ஐஜிஇ (ஒவ்வாமையிலும் புழுத் தொற்றிலும் ஏறும் எதிர்ப்பொருள்) 1000க்கு மேல், எக்ஸ்ரேயில் நுண்ணிய புள்ளிகள் என்றால் முதலில் யானைக்கால் புழுவால் வரும் நுரையீரல் ஈசினோபீலியாவை நினைக்க வேண்டும். ராத்திரி ரத்தத்தில் புழு தேடினால் கிடைக்காது. ஃபைலேரியா எதிர்ப்பொருள் பரிசோதனைதான் துணை. டைஎத்தில்கார்பமசின் ஒரு கிலோ எடைக்கு தினம் 6 மில்லிகிராம் வீதம் 3 வாரம் கொடுத்தால் மூச்சும் தேறும், எண்ணிக்கையும் சரசரவென்று இறங்கும். இப்படிப்பட்டவரை ஒரு வருஷ ஊசி ஆய்வில் உட்கார வைப்பது அவருக்குச் செய்யும் துரோகம். ஸ்க்ரீனிங் தோல்வி என்று எழுதினாலும் அவர் குணமாகி வீட்டுக்குப் போவார், அதுதான் நமக்கு வேண்டும்.

வெறுங்காலோடு வயலில் நிற்கிறவர்களுக்கு தோல் வழியாக நுழையும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் குடற்புழுவும் உண்டு. மலப் பரிசோதனை ஒரு தடவை செய்தால் தப்பிவிடும், லார்வா தினமும் வெளியே வருவதில்லை. மூன்று வெவ்வேறு நாள் மாதிரி வேண்டும். ஒரே ஒரு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் கொடுத்து "பூச்சி மருந்து கொடுத்தாச்சு" என்று கோப்பில் எழுதுவது இதற்குப் போதாது. இதற்கு வேண்டியது ஐவர்மெக்டின், கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். ஐஎல்-5 (ஈசினோபிலை வளர்க்கும் புரதம்), ஐஜிஇ போன்றவற்றைத் தடுக்கும் மருந்து ஆய்வுகளில் சிகிச்சை பெறாத புழுத் தொற்று விலக்கு விதியாக இருப்பதன் காரணம், புழுவை எதிர்க்க உடம்பு பயன்படுத்தும் ஆயுதத்தையே இந்த மருந்துகள் கட்டிப்போடுகின்றன என்பது. இதே ஆளுக்குக் கடும் இளைப்பு என்று ஸ்டீராய்டு ஏற்றினால் புழு உடம்பெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்.

300 என்ற கோடு ஏன் இவ்வளவு முக்கியம் என்று உங்கள் குழுவுக்கும் சொல்லுங்கள். ஐஎல்-5ஐத் தடுக்கும் மெபோலிசுமாப் மருந்தை 2007ல் வெளியான ஆய்வில் 362 பேருக்கு, ஈசினோபில் பார்த்துப் பொறுக்காமல் கொடுத்தார்கள். எண்ணிக்கை இறங்கியது, நோய் தேறவில்லை. மருந்தே வீண் என்று பேச்சு வந்தது. 2009ல் சளியில் ஈசினோபில் அதிகமிருந்து, அடிக்கடி மோசமாகிற 61 பேரை மட்டும் எடுத்து 50 வாரம் பார்த்தார்கள்: பிளாசிபோ எடுத்தவர்களுக்கு ஆளுக்குச் சராசரி 3.4 தடவை கடும் இளைப்பு, மருந்து எடுத்தவர்களுக்கு 2.0. 2014ல் வந்த மென்சா ஆய்வில் தோலடி ஊசிக் குழுவுக்கு வருஷத்துக்கு 0.83, பிளாசிபோவுக்கு 1.74. 2015ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்து மாறவில்லை, ஆளைப் பொறுக்கிய முறை மாறியது. தப்பான ஆளை உள்ளே விட்டால் நல்ல மருந்தும் தோற்கும்.


ஸ்பைரோ_வள்ளியூர்:

டாக்டர் சொன்னதுக்கு மேல ஒண்ணும் இல்ல. ரிவர்சிபிலிட்டி என் வேலை, அதைச் சொல்லுதேன் தம்பி.

7, 8 சதவீதம் வருதுன்னா முதல்ல "காலையில பஃப் அடிச்சீங்களா" ன்னு பாருங்க. கடையத்திலருந்து முதல் பஸ் பிடிக்கிற ஆளு, வழியில இளைக்குமேன்னு ஏறும்போதே ரெண்டு பஃப் அடிச்சிருப்பாரு. உங்ககிட்ட வரும்போது மூச்சுக்குழாய் ஏற்கெனவே விரிஞ்சிருக்கும், அதுக்குமேல எங்க விரிய? சால்பூட்டமாலை 4லருந்து 6 மணி நேரம், ஃபார்மோடெராலும் சால்மெடெராலும் 24 மணி நேரம், வைலான்டெரால், இண்டாகாடெரால் 36 மணி நேரம், டையோட்ரோப்பியம் 36லருந்து 48 மணி நேரம் நிறுத்தணும். 2019 அமெரிக்க-ஐரோப்பிய வழிகாட்டி சொல்லுதது இது. உங்க புரோட்டோகால் வேற எண் சொன்னா அதுதான் சட்டம். மொத நாள் சாயங்காலம் போன் போடுங்க. எந்த இன்ஹேலர், எந்தக் கலர், கடைசி எத்தனை மணிக்குன்னு சொல்லிக் கொடுங்க. கூடவே இதையும் சொல்லணும்: ராத்திரி மூச்சு முட்டுனா கண்டிப்பா அடிங்க, எங்களுக்காகப் பொறுக்காதீங்க, வேற நாள் வச்சுக்கிடலாம். இதைச் சொல்லாம விட்டா சில பேரு பல்லைக் கடிச்சிட்டு உக்காந்துருவாங்க.

சால்பூட்டமால் கொடுக்க முறை: ஸ்பேசர் வச்சு 100 மைக்ரோகிராம் பஃப் நாலு, ஒவ்வொண்ணா, ஒவ்வொண்ணுக்கும் மெதுவா இழுத்து மூச்சைப் பிடிக்கச் சொல்லி. நாலையும் ஒண்ணா அமுக்குனா மருந்து ஸ்பேசர் சுவத்துல ஒட்டிக்கிடும். 15 நிமிஷம் கடியாரம் பாத்துக் காத்திருக்கணும். கூட்டம் இருக்குன்னு எட்டு நிமிஷத்துல ஊதச் சொன்னா போச்சு.

ஊதுற தரம்: மூணு சரியான ஊதல் வேணும், மேல உள்ள ரெண்டு எஃப்இவி1க்கும் வித்தியாசம் 150 மில்லிக்குள்ள. எட்டுக்கு மேல ஊதவிடாதீங்க, ஆள் களைச்சுப் போவாரு. இளைப்புக்காரங்களுக்கு ஊத ஊத மூச்சுக்குழாய் சுருங்கவும் செய்யும். வரிசையா எண் இறங்கிட்டே வந்தா அது சோம்பல் இல்ல, நிறுத்தணும். ஆரம்பத்துல தயங்கி ஊதுறதுதான் நம்ம ஆட்களுக்கு அதிகம் வர்ற கோளாறு. "ம்... ஊதுங்க" ன்னு மெல்லமா சொன்னா மெல்லமாத்தான் ஊதுவாங்க. நெஞ்சு நிறைய இழுத்ததும் ஒரு நொடிகூட விடாம "ஊது! ஊது! ஊது!" ன்னு சத்தம் போடணும்.

மெஷின்ல மூணு லிட்டர் சிரிஞ்சு வச்சு தினம் காலையில காலிபரேஷன், 3 சதவீதத்துக்குள்ள. சிரிஞ்சை ஏசி ரூம்லயும் மெஷினை வெளி ரூம்லயும் வச்சா பங்குனி வெயில்ல எண் ஒத்தே வராது. ரெண்டும் ஒரே ரூம்ல இருக்கணும், அந்த ரூம் வெப்பத்தை அன்னன்னைக்கு அளந்து பதியணும், நேத்து போட்ட 25 டிகிரி அப்படியே கிடக்கக் கூடாது. உயரத்தை வாயால கேக்காதீங்க, செருப்பைக் கழட்டி அளங்க. கூன் விழுந்த ஆளுக்கு ரெண்டு கையையும் விரிச்சு விரல்நுனி டு விரல்நுனி அளக்கணும்.

ஃபீனோ (மூச்சுல வர்ற நைட்ரிக் ஆக்சைடை அளக்கிறது) இருந்தா ஸ்பைரோமெட்ரிக்கு, அதாவது ஊதுற சோதனைக்கு, முன்னாடியே எடுத்துருங்க. மொத நாள் ராத்திரி கீரைக்கூட்டு, பீட்ரூட் சாப்பிட்டா அது ஏறும். பீடி, சிகரெட் குடிச்சா இறங்கும்.


மேலப்பாளையம்_சிஆர்சி:

காகிதம் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்க்ரீனிங்குக்கு வரும்போது வீட்டில் இருக்கிற மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் மஞ்சப்பையோடு கொண்டுவரச் சொல்லுங்கள், பொறுக்கி எடுத்துவர வேண்டாம். அரசு ஆஸ்பத்திரி ஓபி சீட்டு, டிஸ்சார்ஜ் சுருக்கம், 108 ஏற்றிய விவரம், மருந்துக் கடை பில் எல்லாம் உள்ளே கிடக்கும். தேதி இல்லாத சீட்டுதான் தொல்லை. அந்தக் கிளினிக்கிலேயே பதிவேட்டைப் பார்த்து, நோயாளியின் எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு, மருத்துவர் கையெழுத்தும் தேதியும் வாங்கலாம். நீங்களாகத் தேதி எழுதக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

எது கணக்கில் சேரும் என்பதும் தெரிய வேண்டும். வழக்கமாகக் கடும் இளைப்பு என்றால் 3 நாள் அல்லது அதற்கு மேல் வாய்வழி ஸ்டீராய்டு, அல்லது அவசரச் சிகிச்சை, அல்லது அட்மிஷன். ஒரு டெப்போ ஊசியை 3 நாள் மாத்திரைக்குச் சமமாகப் பல புரோட்டோகால் ஏற்கும். இரண்டு இளைப்புக்கு நடுவே 7 நாள் இடைவெளி இல்லாவிட்டால் ஒன்றாகத்தான் எண்ணுவார்கள். நெபுலைசேஷன் மட்டும் போட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்பியதைச் சேர்ப்பதா என்று மெடிக்கல் மானிட்டரிடம் (ஆய்வை நடத்தும் நிறுவனத்தின் மருத்துவர்) எழுத்தில் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

ரன்-இன் காலத்தில், அதாவது ஊசி தொடங்கும் முன் கவனிக்கும் வாரங்களில், இன்ஹேலர் முறையைப் பாருங்கள். அட்டவணையில் டிக் அடிப்பது பார்ப்பது ஆகாது. கையில் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். பொடியை இழுப்பதற்கான ரோட்டாகேப் கேப்சூலைத் தண்ணீரோடு விழுங்குகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். சாரல் காலத்தில் கேப்சூலை டப்பா திறந்தே வைத்தால் பொடி கட்டிப்போய் பாதிதான் வெளியே வரும். முறை சரியானதும் சிலருக்கு ஏசிக்யூ 1.5க்குக் கீழே இறங்கிவிடும். அவருக்கு ஊசியே வேண்டாம், அதுவும் ஒரு நல்ல முடிவு. இதைச் சரிசெய்யாமல் சேர்த்தால் பிளாசிபோக் குழுவிலும் எல்லாரும் ஒழுங்காக இன்ஹேலர் எடுத்துத் தேறிவிடுவார்கள், மருந்தின் பலன் தெரியாமல் போகும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் ஊசி ஐஎல்-5 வகையைச் சேர்ந்தது என்றால் ஈசினோபில் அடியோடு இறங்கும். ரேண்டமைசேஷனுக்கு (குலுக்கல் முறையில் குழு பிரிப்பது) பிறகு யாராவது பஸ் ஸ்டாண்டு பக்கத்து லேபில் காய்ச்சலுக்கு ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டை உங்கள் மேசையில் வைத்தால் மருந்தா பிளாசிபோவா என்று கண்டுபிடித்துவிடலாம். நோயாளி அட்டையிலேயே "அவசரம் தவிர டிஃபரன்ஷியல் கவுண்ட் (வெள்ளணு வகைக் கணக்கு) வேண்டாம், முதலில் இந்த எண்ணைக் கூப்பிடவும்" என்று தமிழில் அச்சிடுங்கள். காய்ச்சல் கடுமை என்றால் ரத்தப் பரிசோதனைதான் முக்கியம், யாருக்கு எந்த ஊசி என்று தெரியாமல் காக்கும் கண்கட்டு அப்புறம்.


எதிக்ஸ்_நெல்லை:

நான் எதிக்ஸ் கமிட்டியில் சட்ட உறுப்பினர். முக்கூடல், ஆலங்குளம் என்றதும் பீடி சுற்றும் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். சம்மதம் வாங்குவது பற்றிக் கொஞ்சம்.

2019 புதிய மருந்து மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, புதிய மூலக்கூறு ஆய்வில் பாதிப்புக்குள்ளாகக் கூடிய நிலையில் உள்ளவரிடம் சம்மதம் வாங்குவதை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வுக் குழுவைச் சேராத நடுநிலைச் சாட்சி முழு நேரமும் அருகில் இருக்க வேண்டும். கடைசியில் வந்து கையெழுத்துப் போடுவது சாட்சி ஆகாது. நிரப்பிய படிவத்தின் ஒரு பிரதி அவர் கையில் போக வேண்டும். நேரம் கொடுங்கள். அன்றைக்கே கைநாட்டு வாங்கினால் அதை நாங்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்போம்.

ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு ஒரு விசிட் என்றால் ஒரு நாள் கூலி போச்சு. பயணச் செலவும் இழந்த கூலியும் கொடுக்க எதிக்ஸ் கமிட்டியில் அனுமதி கேளுங்கள், நாங்கள் மறுப்பதில்லை. தொகை அந்த இழப்பை ஒட்டி இருக்க வேண்டும், அதற்காகவே சேரும்படி இருக்கக் கூடாது. பீடியைக் கடையில் ஒப்படைக்கும் நாளில் விசிட் வைக்காதீர்கள். புகையிலைத் தூளில் உட்காருவதை நிறுத்தச் சொல்வது சுலபம், அவர்கள் நிறுத்த முடியாது. சன்னல் பக்கம் உட்காருவது, தூளைச் சலிக்கும்போது துணி கட்டுவது என்று முடிந்ததைச் சொல்லுங்கள்.

ஆய்வில் காயம், பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை உண்டு, அது ஆய்வு தொடர்பானது என்று முடிவானால் நஷ்டஈடு உண்டு என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடுமையான பாதிப்பு எதுவானாலும் நடந்த 24 மணி நேரத்துக்குள் மத்திய உரிம அதிகாரி, ஸ்பான்சர் (ஆய்வை நடத்தும் நிறுவனம்), எங்கள் கமிட்டி மூன்றுக்கும் தகவல் வர வேண்டும், ஆராய்ந்த அறிக்கை 14 நாளுக்குள். ராத்திரி வேறு ஊர் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால் உங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டில் போன் வைத்திருக்கிறவர் யார் என்று கேட்டு, அவருக்கும் அந்த அட்டையை விளக்குங்கள்.

"இது எங்க பதிவான ஆய்வு?" என்று கேட்டால் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண்ணை எழுதிக் கொடுங்கள். 2009 ஜூன் 15 முதல் இந்தியாவில் பதிவு கட்டாயம். முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.


பொருநை_புள்ளியியல்:

52 வாரக் கேள்விக்கு என் பதில். நம்ம பக்கம் இளைப்பு ஆண்டு முழுக்க ஒரே சீராக வருவதில்லை. ஆனி, ஆடியில் சாரலும் காற்றும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் வைரஸ் சளியும். மாசி, பங்குனியில் பிசான அறுவடைத் தூசி. ஆடியில் ஆறு மாத ஆய்வு தொடங்கினால் அறுவடை வருமுன் முடிந்துவிடும். தையில் தொடங்கியவரோடு இவரை எப்படி ஒப்பிடுவது? ஒரு முழுச் சுற்று முடிந்தால்தான் எல்லாருக்கும் எல்லாக் காலமும் கிடைக்கும். நோயாளியிடம் இப்படியே சொல்லுங்கள், அவர்களுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆட்கள் மோசமாக இருக்கும்போதுதான் ஆய்வுக்கு வருவார்கள். எதுவும் கொடுக்காவிட்டாலும் அடுத்த சில மாதத்தில் பெரும்பாலோர் தங்கள் சராசரிக்குத் திரும்பி "தேறிட்டேன்" என்பார்கள். பிளாசிபோக் குழு இல்லாவிட்டால் அந்தத் தேறுதல் முழுவதும் மருந்தின் கணக்கில் போய்விடும். ஆகவே பிளாசிபோ கிடைத்தவரை ஏமாற்றியதாக யாரும் நினைக்க வேண்டாம். அவருக்கும் முழுச் சிகிச்சை நடக்கிறது, அவருடைய கணக்கு இல்லாமல் இந்த ஆய்வே இல்லை.

ஆள் சேர்ப்பதை ஒரே மாதத்தில் குவிக்காமல் பரப்புங்கள். டைரியில் இளைப்பு தொடங்கிய தேதி, ஸ்டீராய்டு தொடங்கிய தேதி, முடிந்த தேதி மூன்றும் தனித்தனியாக வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போனால் வருடக் கணக்கு குழம்பும்.


அம்பை_கோஆர்டினேட்டர்:

டாக்டர், அண்ணாச்சி, எல்லாருக்கும் நன்றி. முந்தின நாள் போன், மஞ்சப்பை, அட்டை மூன்றையும் இந்த வாரமே தொடங்குகிறோம். 3000 தாண்டியவர்களுக்கு ஃபைலேரியா பரிசோதனைக்கு எழுதிவிட்டோம்.

இரண்டு சந்தேகம் மட்டும். காலையில் பஃப் அடித்துவிட்டு வந்ததால் கழிந்தவரை மறுபடி ஸ்க்ரீன் செய்யலாமா? கரண்டு போய் ஊசி இருந்த ஃபிரிட்ஜ் 11 டிகிரி காட்டினால் என்ன செய்வது?


மேலப்பாளையம்_சிஆர்சி:

மறு ஸ்க்ரீனிங் எத்தனை தடவை என்று புரோட்டோகாலில் இருக்கும், பல ஆய்வில் ஒரு தடவைதான். அதனால்தான் முந்தின நாள் போன். பஃப் அடித்தது தெரிந்தால் ஸ்பைரோமெட்ரி தொடங்கும் முன்பே நிறுத்தி, ஸ்க்ரீனிங் காலக்கெடுவுக்குள் வேறு தேதி வையுங்கள், அது தோல்வியாகாது. ஊதி முடித்து எண் பதிவாகிவிட்டால்தான் சிக்கல். மறு ஸ்க்ரீனிங் என்றால் புது எண், சம்மதமும் புதிதாக.

ஃபிரிட்ஜ்: 2லிருந்து 8 டிகிரிதான் எல்லை. தாண்டிய பெட்டியை எறியவும் வேண்டாம், யாருக்கும் போடவும் வேண்டாம். "தனியாக வைக்கப்பட்டது" என்று ஒட்டி, 2-8 டிகிரி உள்ள வேறு ஃபிரிட்ஜில் வைத்து, டேட்டா லாகரிலிருந்து எவ்வளவு நேரம், அதிகபட்சம் எத்தனை டிகிரி என்று இறக்கி ஸ்பான்சருக்கு அனுப்புங்கள். பயன்படுத்தலாம் என்று எழுத்தில் வந்தபின்தான் தொட வேண்டும். உறைந்துபோன ஊசி இன்னும் மோசம், உருகியபின் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் புரதம் கெட்டிருக்கும். ஃபிரீசர் பக்கத்துத் தட்டில் வைக்காதீர்கள். இன்வெர்டரில் ஃபிரிட்ஜ் லைன் தனியாக இருக்கட்டும், லாகர் அலாரம் ராத்திரி டியூட்டி நர்ஸ் போனுக்குப் போகட்டும்.

ஊசி போடும் நாளில் அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்தால் வலி குறையும். போட்டபின் புரோட்டோகால் சொன்ன நேரம் வரை ஆளை உட்கார வையுங்கள், கடைசி பஸ்சுக்கு நேரமாகிறது என்று விடாதீர்கள். கடும் ஒவ்வாமை வந்தால் அட்ரீனலின் 1 மில்லியில் 1 மில்லிகிராம் ஆம்பூல், பெரியவருக்கு 0.5 மில்லி, தொடையின் வெளிப்பக்கம் தசையில். அது பூட்டிய அலமாரியில் இருக்கக் கூடாது. ஊசி போடுகிறவர் கை எட்டும் தட்டில், காலாவதித் தேதி பார்த்து, சிரிஞ்சோடு இருக்க வேண்டும்.